கரையில் கட்டிய படகில் ஒரு வார இறுதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையைக் கழிப்பது குறித்துத் தங்கள் பத்திரிகை அண்மையில் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை எங்கள் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வாங்கிப் படித்தோம். விமானப் பயணங்கள், பொழுதுபோக்குப் பூங்காக்கள், கடற்கரை ஊர்கள், ஐரோப்பிய நகரங்களில் நடைபெறும் தேர்த் திருவிழாக்கள் எனப் பயனுள்ள செய்திகள் பல அவற்றில் இருந்தன. ஆயினும் அங்கே கூறப்பட்ட விடுமுறைகள் எல்லாமே, அதிகாலையில் எழுந்து, பெட்டி கட்டி, வரிசையில் நின்று, போய்ச் சேர்ந்த களைப்பு ஆறுவதற்குள் திரும்பி வரும் விடுமுறைகளாகவே இருந்தன. வாரம் முழுவதும் வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிற்றுக்கிழமை யாருடையதேனும் பிறந்தநாள் விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு, எங்கும் போகாமலேயே ஓய்வு தரக்கூடிய ஒரு வழி லண்டன் நகருக்குள்ளேயே இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பியே இதை எழுதுகிறேன். மரினா என்று இங்கே அழைக்கப்படும் படகுத் துறையில் கட்டி நிற்கும் ஒரு படகில் வெள்ளிக்கிழமை மாலை ஏறி, கட்டை அவிழ்க்காமலேயே அதில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்குவதுதான் அந்த வழி. கடிதம் சற்று நீளமாக அமைந்துவிட்டது. சொல்ல வேண்டியவற்றுள் உயிரைக் காப்பது பற்றிய செய்திகளும் இருப்பதால் அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் மனத்தில் வைத்து எழுதுவது டவர் பாலத்துக்குச் சற்றுக் கிழக்கே, தேம்ஸ் நதியின் வடகரையில் உள்ள செயின்ட் கேத்தரின் துறையை. ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறினால், வேறு ரயில் மாறாமல் டவர் ஹில் நிலையத்தில் இறங்கி, பழைய கோட்டையைச் சுற்றிச் சிறிது தூரம் நடந்து அங்கே போய்விடலாம். என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் மெட்வே ஆற்றில் வைத்திருக்கும் பழைய பாய்மரப் படகைச் சில நாட்களுக்கு அங்கே கொண்டுவந்து கட்டியிருந்தார். சுமார் 9 மீட்டர் நீளமான அந்தப் படகில் எங்கள் குடும்பம் தங்கிக்கொள்ளலாம் என்று அவர் அழைத்து, துறை அலுவலகத்திலும் எங்கள் பெயர்களைச் சொல்லிவைத்து, இரவில் தம் வீட்டுக்குப் போய்க் காலையில் வந்து எங்களோடு இருந்தார். மனைவி, பிள்ளைகள், நெடுந்தீவில் பிறந்து வளர்ந்த என் பெரியம்மா ஆகியோர் என்னுடன் வந்தனர்.

படகு என்றவுடன் பணக்காரர்களின் விளையாட்டு என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுவதை நான் அறிவேன். கோடீசுவரர்களின் வெள்ளை மோட்டார்ப் படகுகள் அந்தத் துறையில் நிற்பதும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு இடையே, முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டு, பாடசாலை ஆசிரியர்களும் மின்பணியாளர்களும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்களும் தங்கள் கையாலேயே பழுது பார்த்து வைத்திருக்கும் சிறு படகுகளும் பல நிற்கின்றன. இத்தகைய பழைய படகொன்றின் விலை, நம் திருமண மண்டப வாசலில் வரிசையாக நிற்கும் புதிய கார் ஒன்றின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். துறையில் கட்டுவதற்கான கட்டணமும் படகின் நீளத்தை மீட்டர் கணக்கில் அளந்து ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கப்படுவதால், சிறிய படகு வைத்திருப்பவர் சிறிய தொகையையே செலுத்துகிறார். ஒரு குடும்பம் நகரின் நடுவே ஹோட்டலில் இரண்டு அறைகள் எடுத்துத் தங்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் துறையில் ஓய்வு எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அதன் வாசலை விளங்கிக்கொள்ள வேண்டும். தேம்ஸ் லண்டன் நகருக்குள்ளும் கடலைப் போலவே பெருகி வற்றும் ஆறு. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் டவர் பாலத்தருகே நீர்மட்டம் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. வற்றின்போது சேறும் கல்லும் தெரியும் கரை, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சுவர் உயரத்துக்கு நீரால் மூடப்பட்டுவிடும். இந்த ஏற்ற இறக்கம் துறைக்குள் நுழையாதபடி, ஆற்றுக்கும் துறைக்கும் நடுவே லாக் எனப்படும், இரு முனையிலும் கதவு வைத்த நீர்த்தொட்டி கட்டப்பட்டுள்ளது. ஆற்றிலிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் வெளிக்கதவு மூடப்பட்டு, நீர்மட்டம் துறையின் மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்ட பிறகே உட்கதவு திறக்கும். பெருக்கு உச்சத்தை அடைவதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பிருந்து, அடைந்த பின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரைதான், அதுவும் அலுவலர்கள் பணியில் இருக்கும் வேளையில்தான், இந்த வாசல் இயங்கும். வருகிறவர்கள் படகுகளுக்குரிய தொடர்பு வானொலியின் 80ஆம் அலைவரிசையில் அழைத்து, தங்கள் முறை வரும்வரை வெளியே ஆற்றில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே அன்றைய பெருக்கு கடந்துபோன பின், உள்ளே இருக்கும் எந்தப் படகும் அடுத்த பெருக்கு வரும்வரை வெளியே போக முடியாது. பெரிய படகுக்கும் சிறிய படகுக்கும் இதில் வேறுபாடு இல்லை. அந்தக் கதவு மூடியபின் துறைக்குள் படரும் அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்னும் எங்காவது போயிருக்கலாமே, இன்னும் எதையாவது பார்த்திருக்கலாமே என்று நம்மை அரித்துக்கொண்டிருக்கும் எண்ணம், போக வழியே இல்லாத இடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. அயல் படகுக்காரர்கள் கயிறுகளைச் சரிபார்த்தார்கள், தேநீர் வைத்தார்கள், புத்தகத்தைத் திறந்தார்கள். எங்கள் வீட்டில் கைப்பேசியை விட்டு நிமிராத மூத்த மகன், அயல் படகில் இருந்த முதியவரிடம் கட்டுகள் போடக் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஒரே கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக ஒரு காலைப் பொழுதையே கழித்தான்.

அந்தத் துறையின் வரலாற்றையும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தாமஸ் டெல்ஃபோர்டு என்ற புகழ்பெற்ற பொறியாளர் வடிவமைத்த அத்துறை 1828 அக்டோபர் 25ஆம் திகதி திறக்கப்பட்டது. சரக்குகளைக் கப்பலிலிருந்து நேராகக் கிடங்குக்குள் இறக்குவதற்காக, பிலிப் ஹார்ட்விக் என்ற கட்டடக் கலைஞர் நீர் விளிம்பிலேயே கிடங்குகளை எழுப்பினார். அந்த இடத்தில் முன்பு 1147இல் மட்டில்டா அரசியால் நிறுவப்பட்ட அறநிலையமும் நெருக்கமான குடியிருப்பும் இருந்தன. துறைக்காக ஏறக்குறைய 1,250 வீடுகள் இடிக்கப்பட்டு, 11,000க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்த ஏழைகளோ வெறுங்கையோடு போனார்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த நாம் அந்த நீரின் மேல் அமர்ந்திருக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது. பின்னர் அங்கே தேயிலை, கம்பளி, சர்க்கரை, வாசனைப் பொருட்கள், யானைத் தந்தம் என உலகின் செல்வங்கள் வந்து குவிந்தன. 1867இல் இலங்கையின் மலைநாட்டில் வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் மலையக மக்களின் உழைப்பால் வளர்ந்து, பெட்டி பெட்டியாக லண்டன் துறைமுகக் கிடங்குகளுக்கே வந்து சேர்ந்தது. 1940இல் குண்டுவீச்சால் கிழக்குப் பகுதிக் கிடங்குகள் எரிந்தன. கப்பல்கள் பெரிதாகிப் போனதால் 1968இல் சரக்குத் துறை மூடப்பட்டு, அதன் பிறகே படகுத் துறையாக மாறியது. தந்தம் சேமித்த ஐவரி ஹவுஸ் என்னும் கிடங்கு இன்றும் துறையின் நடுவே நிற்கிறது. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அருங்காட்சியகச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. படகின் மேல்தளத்தில் அமர்ந்து கையால் காட்டிச் சொன்னேன்.

படகுக்குள் நாள் எப்படிக் கழிகிறது என்று பலர் கேட்கிறார்கள். வேலை எதுவும் இல்லாமல் கழிவதில்லை. சிறு சிறு வேலைகளால் நிதானமாக நிறைந்து கழிகிறது. தண்ணீர்த் தாங்கியைக் கரைக் குழாயிலிருந்து நிரப்ப வேண்டும். கரையிலுள்ள மின்பெட்டியிலிருந்து நீளும் நீலச் செருகி வைத்த கம்பி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பி வழியாகக் கிடைக்கும் மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிடக் குறைவு என்பதால், கேத்தலும் சூடாக்கியும் ஒரே நேரத்தில் இயங்கினால் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். எதைப் பயன்படுத்தும்போதும் அதன் அளவை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இது பிள்ளைகளுக்குத் தானாகவே தந்தது. சமையலறை என்பது ஒருவர் நின்று திரும்பக்கூடிய இடம்; இரண்டு அடுப்புகள். நம்முடைய பிரஷர் குக்கர் படகுக்கு மிகவும் பொருத்தமான பாத்திரம் என்பதை அங்கேதான் கண்டேன். எரிவாயு குறைவாகச் செலவாவதோடு, திறந்த பானையில் சோறு வடிக்கும்போது எழும் நீராவி சிறு அறையின் கூரையில் படிந்து படுக்கையில் சொட்டுவதையும் அது பெருமளவு தவிர்க்கிறது. இடியப்பத்தையும் சம்பலையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய், சொதியை மட்டும் அங்கே வைத்தோம். மீன் பொரிப்பதைத் தவிர்த்தோம். அதன் மணம் அயல் படகுகளுக்குப் போவது ஒருபுறமிருக்க, நம் போர்வைகளிலேயே பல நாட்கள் தங்கிவிடும்.

சனிக்கிழமை பிற்பகல் மழை பெய்தது. மழை நாள் என்றால் விடுமுறை கெட்டுப்போயிற்று என்று நினைப்பவர்கள், தலைக்கு ஒரு முழம் மேலே மழை விழும் ஓசையைக் கேட்டபடி படுத்திருந்து பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். மழை விட்டதும் நடந்துபோய், பழைய தேம்ஸ் சரக்குப் பாய்மரப் படகுகளையும், எலிசபெத் அரசியின் வைரவிழாவுக்காக 2012இல் கட்டப்பட்டு அத்துறையில் வைக்கப்பட்டிருக்கும் குளோரியானா என்னும் துடுப்புப் படகையும் பார்த்தோம். டவர் பாலம் ஒருமுறை எங்கள் கண்முன்னே திறந்தது. உயரமான பாய்மரமுள்ள படகுகள் 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தால், கட்டணம் எதுவும் வாங்காமல் சாலைப் போக்குவரத்தையே நிறுத்தி அந்தப் பாலத்தைத் திறக்கிறார்கள். ஆற்றில் வருபவருக்கே முன்னுரிமை என்ற அந்தப் பழைய முறை இன்றும் காக்கப்படுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

பெரியம்மாவைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் அவரை நினைத்தே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். தீவில் பிறந்தவர்களுக்கு வள்ளம் என்பது வாழ்க்கையின் பாதை. வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் திருமணத்துக்கும் கடல் கடந்தே போனவர்கள் அவர்கள். ஆனால் 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் அப்பாவிப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஊர்ப் பெண்கள் பலருக்குப் படகு என்ற சொல்லே நடுக்கம் தருவதாயிற்று. போர்க்காலத்தில் இரவோடு இரவாக இராமேசுவரத்துக்குக் கடல் கடந்தவர்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களும் நம்மிடையே எத்தனையோ பேர். 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை செலுத்திச் சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளைப் பெற்ற இனம், இன்று இந்த நாட்டில் நீரை விட்டு விலகியே வாழ்கிறது. நீச்சல் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். நாம் கரையில் நிற்கிறோம்.

பெரியம்மா படகில் ஏறவே முதலில் மறுத்தார். துறைக்குள் நீர்மட்டம் ஏறி இறங்காததால் மிதவை மேடைக்குச் செல்லும் சாய்பாதை செங்குத்தாக இல்லாமல் இருந்தது அவருக்கு உதவியாயிற்று. திறந்த ஆற்றிலுள்ள துறைகளில் வற்று நேரத்தில் அந்தப் பாதை மாடிப்படி போலச் சரிந்துவிடும் என்பதால், முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கேட்டறிந்தே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிறு படிக்கட்டை வைத்து, இருவர் கைகொடுத்து ஏற்றினோம். ஏறியதும் அவர் இருக்கையைத் தேடவில்லை, கயிறுகளைத்தான் பார்த்தார். முன்னும் பின்னும் கட்டியதோடு, படகு முன்னோக்கியும் பின்னோக்கியும் நகராதபடி குறுக்காகவும் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு, “குறுக்குக் கட்டும் போட்டிருக்கினம் தம்பி, நல்லாத்தான் கட்டியிருக்கினம்” என்றார். அதன் பிறகு அவர் அமர்ந்த இடம் படகின் பின்புறத் திறந்த தளம். அங்கிருந்தபடியே நீரைப் பார்த்துக்கொண்டு, தம் தகப்பனார் ஓட்டிய வள்ளத்தைப் பற்றியும், பெருக்கில் எந்த வாய்க்காலால் கரை சேர்வது என்பதைப் பற்றியும், இத்தனை ஆண்டுகளாக எங்களில் யாருக்கும் சொல்லாத செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். படகு ஓடியிருந்தால் அவர் அஞ்சியிருப்பார் என்றே நினைக்கிறேன். கட்டி நின்றதால்தான் அவரால் பேச முடிந்தது. மனக்காயங்களோடு வாழும் நம் முதியவர்களுக்கு இத்தகைய ஓர் இடம் மருந்தாகிவிடும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவர்களை அழைத்துச் செல்வது பயனுள்ளது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இனி, கட்டி நிற்கும் படகில் ஆபத்து இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன். மிகப் பெரிய ஆபத்து நீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. சிறிய, காற்றுப் புகாத படகறைக்குள் அது மிக விரைவில் உயிர்க்கொல்லும் அளவை எட்டிவிடும். 2013 ஏப்ரல் 1ஆம் திகதி விண்டர்மியர் ஏரியில் இறங்குதுறையோரம் நின்ற ஒரு படகில், மின்பிறப்பாக்கியின் புகையால் ஒரு தாயும் அவருடைய பத்து வயது மகளும் இறந்தார்கள். 2016 ஜூன் மாதத்தில் நோர்ஃபோக் பகுதியின் ராக்ஸம் என்னுமிடத்தில் கட்டி நின்ற படகில், பெற்றோல் இயந்திரத்தின் புகையால் இருவர் இறந்தார்கள். 2019 டிசம்பரில் யோர்க் நகரில் ஊஸ் ஆற்றோரம் கட்டிய படகில், அறையைச் சூடாக்கும் கருவியின் புகைக்குழாயில் ஏற்பட்ட கோளாறால் மேலும் இருவர் இறந்தார்கள். அரசின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்ந்த இந்த மூன்று நிகழ்வுகளிலும் படகு ஓடிக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் ஓய்வாக இருந்த வேளையில்தான் உயிர் போயிற்று.

இந்நாட்டின் உள்நாட்டு நீர்வழிகளில் உள்ள, தங்கும் அறை கொண்ட படகுகளில் இந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கடல்வழியாக வந்து தங்கும் படகுகளை அந்த விதி எட்டாது என்பதால், ஏறியவுடன் முதல் வேலையாக நாமே கருவியைத் தேடிப் பார்த்து, அதன் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் அந்தப் படகில் உறங்கக் கூடாது. அழைத்தவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் இதில் தயக்கம் வேண்டாம். நம்மவர்கள் எங்கே போனாலும் கரி அடுப்பில் இறைச்சி சுடுவதில் ஆர்வம் உடையவர்கள். அந்த அடுப்பு அணைந்துவிட்டது போலத் தோன்றினாலும் சாம்பலுக்குள் கனலும் கரி தொடர்ந்து இந்த வாயுவை வெளியிடுகிறது. குளிர்கிறதே என்று அதைப் படகறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துச் செல்வது மரணத்தை அழைத்துச் செல்வதாகும். சமையல் எரிவாயுவிலும் ஆபத்து உண்டு. படகில் உருளையிலிருந்து வரும் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் சன்னல் வழியே கலையக்கூடும். படகிலோ அது அடித்தட்டில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டுமன்றி உருளையின் வால்வையும் மூடிவிட வேண்டும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்துகள் பெரும்பாலும் இரவில், கரைக் கழிவறைக்குப் போய்வரும் வழியில், ஈரமான மேடையில் வழுக்கி நேர்கின்றன என்று துறை அலுவலர் ஒருவர் எங்களுக்கு எச்சரித்தார். 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு தானாகவே இழுத்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த முதல் நிமிடத்தில் நீரை விழுங்கிவிடுகிறார். அதனால்தான், 1824 முதல் இந்நாட்டுக் கரைகளில் உயிர்காக்கும் தொண்டாற்றிவரும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு, விழுந்தவுடன் நீந்த முயலாமல் தலையைப் பின்னே சாய்த்து மிதந்து, மூச்சு சீரான பிறகே உதவிக்குக் குரல் கொடுக்குமாறு அறிவுறுத்துகிறது. இதைத் தமிழில் எழுதி நம் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒட்டிவைக்க வேண்டும். மிதவை மேடையில் பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி இல்லாமல் நடக்கவே கூடாது. படகு கட்டித்தானே நிற்கிறது என்ற சமாதானம் இங்கே செல்லாது. மது அருந்திவிட்டு இரவில் மேடையில் நடப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நாம் நம் வீட்டில் இருப்பது போலவே அயலவரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல் நடந்துகொள்வதும் முக்கியம். சில துறைகளில் இடம் போதாதபோது படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். அப்போது அடுத்தவர் படகைக் கடந்தே கரைக்குப் போக வேண்டியிருந்தால், அவர்கள் அமர்ந்திருக்கும் பின்தளம் வழியாகப் போகாமல், முன்புறத்தால் ஓசையின்றிக் கடப்பதே முறை. கால்வாய்களில் கட்டியிருக்கும் படகுகள் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இயந்திரத்தையோ மின்பிறப்பாக்கியையோ ஓட்டக் கூடாது. மூடிய துறையில் நீர் எளிதில் மாறாது என்பதால் படகின் கழிவறைத் தாங்கியை ஒருபோதும் அங்கே திறந்துவிடக் கூடாது. அதற்கென உள்ள உறிஞ்சு நிலையத்தில் வெறுமையாக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையிலுள்ள கழிவறையையே பயன்படுத்த வேண்டும். பாத்திரத்திலிருக்கும் எண்ணெயைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுவதும் அவ்வாறே. பாட்டுச் சத்தம் நீர்ப்பரப்பின் மேல் வெகுதூரம் போகும் என்பதைச் சொன்னாலே நம் இளைஞர்கள் புரிந்துகொள்வார்கள்.

படகு வைத்திருக்கும் நண்பர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாடகைக்குப் படகில் தங்க விரும்புவோர், இணையத்தில் அழகான படத்தைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிடாமல், சில கேள்விகளைக் கேட்டறிய வேண்டும். உள்நாட்டு நீர்வழிப் படகாயின் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா, வாடகைக்கு விட அனுமதியும் காப்புறுதியும் உள்ளனவா, அந்தத் துறையில் இரவு தங்க அனுமதி உண்டா என்பவை அவற்றுள் முதன்மையானவை. நேர்மையான உரிமையாளர் இவற்றைக் கேட்பதால் மனம் நோகமாட்டார். இரவு தங்க இயலாதவர்கள், 1820இல் திறக்கப்பட்ட ரீஜென்ட்ஸ் கால்வாய் தேம்ஸைச் சந்திக்கும் லைம்ஹவுஸ் துறைக்கு ஒரு பகல் பொழுது போய்வரலாம். தென்னாசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பல்களில் வந்து, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட மாலுமிகள் ஒரு காலத்தில் அலைந்து திரிந்த பகுதி அது. அவர்களுக்காக 1857இல் ஓர் இல்லம் அங்கே திறக்கப்பட்டது.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த கோடைச் சிறப்புப் பக்கங்களில் படகுத் துறைகளுக்கும் கால்வாய்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் காபன் மொனொக்சைட் பற்றிய எச்சரிக்கையையும், நீரில் விழுந்தால் மிதக்கும் முறையையும் எளிய தமிழில் படத்துடன் வெளியிட வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டு விழாவோடும் இராப்போசன விருந்தோடும் நின்றுவிடாமல், முதியவர்களுக்காகத் தொண்டு அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் இயக்கும் கால்வாய்ப் படகுகளில் ஒரு நாளைப் பதிவுசெய்து கொடுக்க முன்வர வேண்டும். இந்தப் படகுகளில் சில, சக்கர நாற்காலியை ஏற்றும் பொறியுடனேயே கட்டப்பட்டுள்ளன. குளிர்காலத்திலேயே கேட்டு வைத்தால்தான் கோடை நாட்கள் கிடைக்கும் என்பதால், சங்கங்களின் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன்பாகவே இக்கடிதம் வெளிவந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்